வளர்சிதை மாற்றமா, கொடுக்கல் வாங்கலா?

மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட ‘மூலதனம்’ நூலில், உழைப்பை மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையே நடக்கும் ‘ஷ்டொஃப்வெக்சல்’ என்கிறார். இதைத் தமிழில் ‘வளர்சிதை மாற்றம்’ என்று எழுதும்போது பாதிப் பொருள் போய்விடுகிறது. ஜெர்மனில் ‘ஷ்டொஃப்’ என்றால் பொருள். ‘வெக்சல்’ என்றால் மாற்று, கைமாற்று. வணிகரின் உண்டியல் சீட்டுக்கும் அதே சொல்தான். வளர்வதும் சிதைவதும் ஓர் உடலுக்குள்ளேயே முடிந்துவிடும். மார்க்ஸ் பேசுவதோ இரு தரப்பின் வரவுசெலவை. வேதியியலாளர் லீபிக்கை ஊன்றிப் படித்தவர் அவர். தானியத்தோடு வயலின் சத்தும் நகரத்துக்குப் போகிறது, திரும்புவதில்லை என்பது லீபிக்கின் வாதம். லண்டனில் அது கழிவாகத் தேம்ஸில் கலந்தது. பாடநூலில் நிலைத்த கலைச்சொல்லை ஏன் கலைக்க வேண்டும் என்று கேட்கலாம். உடலியலில் அது அப்படியே இருக்கட்டும். இங்கே ‘கொடுக்கல் வாங்கல்’ என்று எழுதினால்தான் மண்ணுக்குத் திருப்பித் தராத கடன் கண்ணில் படும்.