புலிவார்டு ரோடும் ரோப் காரும்

மலைக்கோட்டைக்கு ரோப் கார் வரப்போகிறது என்ற பேச்சு திருச்சியில் பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அவ்வப்போது பேப்பரில் வரும், ஆய்வு என்பார்கள், அப்புறம் அடங்கிப்போகும். எங்கள் அம்மாவுக்கு முட்டி தேய்ந்ததிலிருந்து கீழே மாணிக்க விநாயகரோடு நின்றுவிடுகிறார். நாங்கள் மட்டும் மேலே ஏறி, உச்சிப் பிள்ளையாரிடம் அவர் பேரையும் சொல்லிவிட்டு இறங்குவோம். அதனால் இந்த ரோப் கார் சமாச்சாரத்தில் எனக்குச் சொந்த அக்கறை உண்டு. இன்னும் ஏன் வரவில்லை என்று தேடப்போய், மலையை விட்டுவிட்டு அடிவாரத்தின் வரலாற்றுக்குள் விழுந்துவிட்டேன்.

முதலில் மலையைப் பற்றி. உயரம் 83 மீட்டர்தான். படிகள் 417 என்பார்கள் (நான் எண்ண ஆரம்பித்தால் தாயுமானவர் சன்னதி தாண்டும்போது கணக்கு விட்டுப்போகும்). பக்கத்தில் குளித்தலை அருகே இருக்கும் அய்யர்மலைக்கு 1,017 படி. அதோடு பார்த்தால் நம்முடையது சின்ன மலை. ஏறுவது கஷ்டம்தான், ஆனால் சிக்கல் உயரத்தில் இல்லை. மலை தரையைத் தொடும் இடத்தில் இருக்கிறது.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் மேலே குடைவரை குடைந்தபோது கீழே என்ன இருந்தது என்று யோசித்துப் பார்ப்பேன். காவிரிக்கரை வெளியாக இருந்திருக்கலாம். அதற்குப் பிந்தைய பாண்டியர் காலக் குடைவரை மலையின் தெற்கு அடிவாரத்தில் இருக்கிறது. இன்று வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவே நுழைந்து விசாரித்துத்தான் போகவேண்டும். மலை அப்படியே நிற்கிறது, ஊர் வந்து அதன் காலைக் கட்டிக்கொண்டுவிட்டது.

கட்டிக்கொள்ள வைத்தது கோட்டை. மதுரை நாயக்கர்கள் மலையையும் ஊரையும் சேர்த்து மதில் எழுப்பினார்கள், சுற்றிலும் அகழி வெட்டினார்கள். தெப்பக்குளமும் விசுவநாத நாயக்கர் காலத்தது என்று சொல்வார்கள். பதினேழாம் நூற்றாண்டில் சொக்கநாத நாயக்கர் தலைநகரையே இங்கே மாற்றினார். அரண்மனை, படை, கடைத்தெரு, கோயில் எல்லாம் ஒரே மதிலுக்குள். பாதுகாப்புக்கு அது சரி. 1751-52 முற்றுகையில் கோட்டை விழவில்லை, ஸ்ரீரங்கத்தில் முகாம் போட்டிருந்த பிரெஞ்சுக்காரர்கள்தான் கடைசியில் சரணடைந்தார்கள். ஆனால் மதிலுக்குள் அடைபட்ட ஊர், வெளியே பரவ வழியில்லாமல் உள்ளேயே நெருங்கி நெருங்கிக் கட்டிக்கொண்டது. சின்னக்கடை வீதியின் இன்றைய அகலம் அன்றைக்கு விதைத்தது என்பது என் ஊகம்.

இந்த நெருக்கடியின் விலை 1849-இல் தெரிந்தது. பிள்ளையார் திருவிழா, மலைப்படிகளில் பெருங்கூட்டம். எப்படியோ ஒரு பீதி கிளம்பியது. இரண்டு பக்கமும் சுவர், முன்னும் பின்னும் ஆட்கள், காலுக்குக் கீழே படி. நெரிசலில் சிக்கி நூற்றுக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள். பழைய கெஜட்டியர்கள் இதை ஒன்றிரண்டு வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகின்றன. நான் திருச்சிக்காரன், நாற்பது வயது தாண்டிய பிறகு ஏதோ தேடும்போது தற்செயலாகத்தான் இதைப் படித்தேன். வீட்டில் யாருமே சொன்னதில்லை. சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட அந்தச் சுவர்களுக்கு நடுவே ஏறும்போது இப்போதெல்லாம் பக்கவாட்டில் வெளியேற வழி இருக்கிறதா என்றுதான் கண் தேடுகிறது.

பிரிட்டிஷார் ஆட்சியில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். என் கணக்கில் மலைக்கோட்டை அடிவாரத்துக்கு நடந்த மிகப் பெரிய விரிவாக்கம் அதுதான். தூர்த்த அகழிமேல் போட்ட சாலைகள்தான் மேலப்புலிவார்டு ரோடும் கீழப்புலிவார்டு ரோடும். சின்ன வயதில் அங்கே புலிக்கூண்டு இருந்திருக்கும் என்று நம்பியவன் நான். புலியும் இல்லை, வார்டும் இல்லை, அது 'பூல்வார்டு'. பிரெஞ்சுச் சொல். முதலில் அதற்குக் கோட்டைக் கொத்தளம் என்றுதான் பொருள். பதினான்காம் லூயி பாரிஸ் நகர மதில்களை இடித்து அந்த இடத்தில் மரம் நட்ட அகலச் சாலைகள் போட்ட பிறகு, சாலைக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. ஆக, மதிலை இடித்துப் போட்ட ரோட்டுக்கு நம் ஊரில் வைத்த பெயர் அகராதிப்படி மிகப் பொருத்தம். மதிலில் மிஞ்சியது மெயின்கார்டு கேட் வளைவு மாதிரி சில துண்டுகள்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விரிந்தது வெளிவட்டம் மட்டும். மலையை ஒட்டிய உள்வட்டம் – சின்னக்கடை வீதி, என்.எஸ்.பி. ரோடு, ஆண்டார் வீதிகள் – அப்படியே இருந்தது. பிறகு ஜவுளிக்கடைகள் வந்து அதை இன்னும் நிரப்பின. தீபாவளிக்கு முன்னால் அங்கே போலீஸ் கண்காணிப்புக் கோபுரம் வைக்கிறார்களே, அது சாமி கும்பிட வந்த கூட்டத்துக்காக இல்லை, துணி எடுக்க வந்த கூட்டத்துக்காக. சமீபத்திய வேலைகளும் பெரும்பாலும் வெளிவட்டத்தில்தான்: 2021 கடைசியில் புதுசாகத் திறந்த சத்திரம் பஸ் ஸ்டாண்ட், மேலப்புலிவார்டு ரோட்டில் பல்லடுக்கு பார்க்கிங். நல்ல வேலைகள், குறை சொல்லவில்லை. எங்கள் தொழிலில் ஒன்று சொல்வோம்: உள்ளே சர்வரை எவ்வளவு பெரிதாக்கினாலும் வாசல் சின்னதென்றால் வரிசை வாசலில்தான் நிற்கும்.

வெளிநாட்டில் பனிச்சறுக்கு நடக்கும் மலைகளில் 'பேஸ் ஏரியா' என்று ஒன்று உண்டு. வண்டி நிறுத்தம், டிக்கெட், லிஃப்ட் ஏறுமிடம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அங்கேதான். புது லிஃப்ட் போடுகிறார்கள் என்றால் திட்டத்தில் பாதி இந்த அடிவாரத்தைப் பற்றியே இருக்கும். நம்மிடம் அப்படி யோசித்த மலை பழனி. படிப்பாதை வடக்கே, 1966-இல் வந்த வின்ச் மேற்குக் கிரிவீதியில், 2004-இல் வந்த ரோப் கார் தெற்குக் கிரிவீதியில். ஒரே மலைக்கு மூன்று வாய். கூட்டம் தானாகவே பிரிந்துவிடும். சுற்றிவரக் கிரிவீதி இருப்பதால்தான் இது முடிந்தது. அந்த வீதியிலும் ஆக்கிரமிப்பு ஏறி, கோர்ட் தலையிட்டு, வண்டிகளைத் தடை செய்யவேண்டி வந்தது வேறு கதை. அய்யர்மலை ரோப் கார் 2024 ஜூலையில் திறந்தது. திறந்த சூட்டோடு காற்றில் நடுவானில் நின்று ஆட்களைப் பயமுறுத்தியதைப் பலர் படித்திருப்பீர்கள். ஆனால் கீழே ஸ்டேஷன் கட்ட அங்கே வெட்டவெளி இருந்தது.

மலைக்கோட்டையில் எங்கே கட்டுவது? குடைவரைகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. 2010 சட்டத் திருத்தப்படி அப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டவேண்டும். 83 மீட்டர் மலைக்கு 100 மீட்டர் என்பது அடிவாரம் முழுவதும். சட்டத்தை விட்டுவிட்டாலும், ரோப் காரின் கீழ் ஸ்டேஷன் என்.எஸ்.பி. ரோட்டில் வாய் திறந்தால், 1849-இல் படியில் நின்ற கூட்டம் தெருவில் நிற்கும்.

காவிரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கம் வேறு மாதிரி வளர்ந்த ஊர். இடம் போதாதபோதெல்லாம் வெளியே இன்னொரு சுற்று. உத்திர வீதி நிரம்பினால் சித்திரை வீதி, அதற்கும் வெளியே ஒரு சுற்று என்று ஏழு பிராகாரம். நானூறு வருஷம் மொட்டையாக நின்ற ராயர் கோபுரத்தை அகோபில மடம் 44-ஆம் பட்டம் ஜீயர் 236 அடிக்கு எழுப்பி 1987-இல் முடித்ததும் வெளிவாசலில்தான். யாத்ரி நிவாஸ் கட்டியபோதும் மதிலுக்குள் திணிக்கவில்லை, கொள்ளிடக்கரைப் பக்கம் பஞ்சக்கரை ரோட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்த வசதி மலைக்கோட்டைக்கு இல்லை.

எனக்கு ரோப் கார் வேண்டாம் என்றில்லை. அம்மாவுக்காகவாவது வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் என்.எஸ்.பி. ரோடும் சின்னக்கடை வீதியும் நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆகவேண்டும், இறங்குபவர்களுக்குத் தனி வழி வேண்டும். இதற்குத் தொல்லியல் துறை அனுமதியெல்லாம் தேவைப்படாது. கடைக்காரர்கள் சம்மதம்தான் தேவை, அது அதைவிடக் கஷ்டம் என்று நண்பர் ஒருவர் சிரிக்கிறார்.

ஒவ்வொரு விநாயகர் சதுர்த்திக்கும் இங்கே 150 கிலோவில் கொழுக்கட்டை செய்வார்கள். பாதி கீழே மாணிக்க விநாயகருக்கு, பாதியைத் துணியில் தொட்டில் மாதிரி கட்டித் தோளில் தூக்கி உச்சிக்குக் கொண்டுபோவார்கள். போன தடவை அம்மா கீழே ஓரமாக நின்று, அந்தத் தொட்டில் படி திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். "கொழுக்கட்டையே போயிடுதுடா" என்றார்.