பல் உள்வைப்பு: வடிவமும் மேற்பரப்பும்

பல் உள்வைப்பு என்பது விழுந்த பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்புக்குள் பதிக்கப்படும் சிறு திருகு. பல் மருத்துவமனைகளில் இதை இம்ப்ளாண்ட் என்றே சொல்கிறார்கள். எலும்புக்குள் இறங்கும் டைட்டானியத் திருகு, அதன் தலையில் பூட்டப்படும் அபட்மென்ட் என்ற இணைப்புத் துண்டு, அதன்மேல் ஏறும் செயற்கைப் பல் என இதற்கு மூன்று பாகங்கள். நோயாளி கண்ணாடியில் பார்ப்பது மூன்றாவதை மட்டுமே. சிகிச்சை நிலைக்குமா என்பது முதல் இரண்டின் வடிவத்தையும், திருகின் மேற்பரப்பையும் வெகுவாகச் சார்ந்திருக்கிறது. இவற்றின் வரலாற்றைப் பார்க்கும்போது இரண்டு கேள்விகளைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். எலும்பு திருகை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறது என்பது ஒன்று. பிடித்த எலும்பு இருபது ஆண்டுகள் கரையாமல் இருக்கிறதா என்பது வேறொன்று. முதலாவதற்கு உதவிய மாற்றங்கள் எல்லாமே இரண்டாவதற்கும் உதவிவிடவில்லை.

ஹோண்டுராஸில் 1931இல் கிடைத்த மாயர் காலத்துக் கீழ்த்தாடை ஒன்றில், வெட்டுப்பற்கள் இருந்த இடத்தில் மூன்று சிப்பித் துண்டுகள் பதிந்திருந்தன. அது ஏறக்குறைய கி.பி. 600ஐச் சேர்ந்தது. பின்னாளில் எடுத்த எக்ஸ்ரேயில் அவற்றைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்தது தெரிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கரான கிரீன்ஃபீல்டு இரிடியம்-பிளாட்டினக் கம்பியால் கூடை போன்ற வேர் ஒன்றைச் செய்தார். 1930களின் இறுதியில் பாஸ்டனில் ஸ்ட்ராக் சகோதரர்கள் கோபால்ட்-குரோமியக் கலவைத் திருகைப் பதித்தார்கள். 1960களில் லியோனார்டு லிங்கோ தகடு வடிவ உள்வைப்பைப் பரப்பினார். இவற்றில் பெரும்பாலானவற்றைச் சுற்றி எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் வளர்ந்தது. இயற்கைப் பல்லைச் சுற்றியுள்ள தசைநாரைப் போல அதுவும் மெல்லும் விசையைத் தாங்கிக்கொள்ளும் என்று அன்று பலர் நம்பினார்கள். நாளடைவில் அந்த உறை தடித்து, உள்வைப்பு ஆடத் தொடங்கிவிடும்.

திருப்பம் பல் மருத்துவத்துக்கு வெளியிலிருந்து வந்தது. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் 1952இல் பெர்-இங்வார் பிரோனமார்க், எலும்பு மஜ்ஜையில் இரத்தம் ஓடுவதை உயிருள்ள முயலிலேயே பார்க்க விரும்பினார். டைட்டானியத்தால் செய்த சிறு அறையை முயலின் கால் எலும்பில் பொருத்தி, நுண்ணோக்கி வழியாகப் பார்த்து வந்தார். ஆய்வு முடிந்து அறையைக் கழற்ற முயன்றபோது அது வரவில்லை. உலோகத்தின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் எலும்பு வளர்ந்து இறுகியிருந்தது. டைட்டானியம் காற்றுப் பட்டதும் அதன்மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படலம் தானே உருவாகிறது. உடல் எதிர்கொள்வது இந்தப் படலத்தைத்தான். வெறும் உலோகத்தை அல்ல. அரிப்பைத் தடுத்து, எலும்பு ஒட்டி வளர இடம்கொடுப்பதும் இதுவே.

1965இல் கோத்தன்பர்க் நகரில், தாடைக் குறைபாடுள்ள ஒருவருக்குக் கீழ்த்தாடையில் பிரோனமார்க் நான்கு உள்வைப்புகளைப் பதித்தார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அந்த நோயாளி இறக்கும்வரை அவை பயன்பட்டன. அந்தத் தலைமுறைத் திருகு எளிமையானது: தூய டைட்டானியத்தை லேத்தில் கடைந்து, 3.75 மி.மீ. விட்டத்தில், 0.6 மி.மீ. இடைவெளியில் மரை போட்டது. மேற்பரப்புக்கென்று தனிச் சிகிச்சை எதுவும் கிடையாது. கடைசல் உளி விட்டுச் சென்ற மெல்லிய கோடுகள்தான் அதன் சொரசொரப்பு. பதித்தபின் ஈறைத் தைத்து மூடிவிட்டு, கீழ்த்தாடையில் மூன்று மாதம், மேல்தாடையில் ஆறு மாதம் சுமை ஏற்றாமல் காத்திருக்க வேண்டும். துளையிடும்போது எலும்பு சூடாகாமல் உப்புநீர் பாய்ச்சுவதும் விதி. 47 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்பு கெடும் என்பதை எரிக்சனும் ஆல்பிரெக்ட்சனும் 1983இல் முயல்களில் காட்டினார்கள்.

1981இல் அடெல் என்ற ஆய்வாளரின் குழு இந்தத் திருகின் பதினைந்து ஆண்டுக் கணக்கை வெளியிட்டது. 371 நோயாளிகளுக்கு 2,768 உள்வைப்புகள். முறை முதிர்ந்தபின் சிகிச்சை பெற்றவர்களில், ஐந்து முதல் ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு மேல்தாடையில் 81 சதவீதமும் கீழ்த்தாடையில் 91 சதவீதமும் அசையாமல் இருந்தன. 1982இல் ஜார்ஜ் ஸார்ப் கூட்டிய டொராண்டோ மாநாட்டில்தான் வட அமெரிக்கப் பல் மருத்துவ உலகம் இதை முழுமையாக ஏற்றுக்கொண்டது. இந்தத் திருகைச் சந்தைக்குக் கொண்டுவரப் பிரோனமார்க்குடன் கைகோத்த நிறுவனம், இந்திய வாசகர்கள் பீரங்கி வழியாக அறிந்த போஃபோர்ஸ். 1986இல் ஆல்பிரெக்ட்சனும் கூட்டாளிகளும் வெற்றிக்கு வரையறை வகுத்தார்கள்: உள்வைப்பு ஆடக் கூடாது, வலியோ தொற்றோ கூடாது, எக்ஸ்ரேயில் சுற்றிலும் கருநிழல் தெரியக் கூடாது, முதலாண்டுக்குப் பிறகு எலும்பு ஆண்டுக்கு 0.2 மி.மீ.க்கு மேல் கரையக் கூடாது.

கடைந்த திருகின் பலவீனம் மென்மையான எலும்பில் வெளிப்பட்டது. மேல்தாடையின் பின்பகுதியில் எலும்பு பெரும்பாலும் பஞ்சு போலிருக்கும்; லெக்ஹோம்-ஸார்ப் வகைப்பாட்டில் அது நான்காம் வகை. ஜாஃபினும் பெர்மனும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், மற்ற மூன்று வகை எலும்புகளில் தோல்வி 3 சதவீதம். நான்காம் வகையில் 35 சதவீதம். நல்ல எலும்பில் வழவழப்பான திருகே போதுமானதாக இருந்தது. மேற்பரப்பு ஆராய்ச்சிக்குத் தேவை எங்கே இருந்தது என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டிவிடுகின்றன.

அந்த ஆராய்ச்சிக்கு இன்னொரு மையமாகச் சுவிட்சர்லாந்து இருந்தது. பெர்ன் பல்கலைக்கழகத்தின் ஆந்த்ரே ஷ்ரோடர், வால்டன்பர்க்கில் இருந்த ஸ்ட்ராமன் நிறுவனத்துடன் சேர்ந்து 1970களிலேயே டைட்டானியத் தூளை உருக்கித் தெளித்த சொரசொரப்பான உறையைப் பயன்படுத்தினார். எலும்பு விரைவாகப் பிடித்தது. ஆனால் தெளித்த உறை மிகையாகச் சொரசொரத்தது, துகள்கள் உதிர்ந்தன. வாயில் வெளிப்பட்ட இடத்தில் கிருமிப் படலம் ஒட்டிக்கொண்டு போகவில்லை. மரையில்லாமல் அழுத்திச் செருகும் உருளை உள்வைப்புகளில் இத்தகைய உறை இருந்தபோது, ஆண்டுக்கு ஆண்டு எலும்பு கரைந்த செய்திகள் வந்தன. ஹைட்ராக்சிஅபடைட் உறையும் அப்படித்தான்: தொடக்கத்தில் மிகச் சிறந்த பிடிப்பு, பிறகு உறையே கரைவதும் பெயர்வதும்.

1991இல் டேனியல் பூசரின் பெர்ன் குழு சிறுவகைப் பன்றிகளில் ஆறு மேற்பரப்புகளை ஒப்பிட்டது. மின்முறையில் மெருகேற்றிய மேற்பரப்பில் 20 முதல் 25 சதவீதப் பரப்பை மட்டுமே எலும்பு தொட்டிருந்தது. தெளித்த உறையில் 30 முதல் 40 சதவீதம். பெருமணல் வீசி அமிலத்தில் அரித்த மேற்பரப்பில் 50 முதல் 60 சதவீதம். கால் முதல் அரை மில்லிமீட்டர் அளவுள்ள குருந்தக்கல் துகள்களை உலோகத்தின்மேல் வேகமாகப் பாய்ச்சினால் பெரும் பள்ளங்கள் விழும். பிறகு சூடான ஹைட்ரோகுளோரிக், சல்ஃபூரிக் அமிலக் கலவையில் முக்கினால் அந்தப் பள்ளங்களுக்குள் சில மைக்ரோமீட்டர் அளவில் நுண்குழிகள் தோன்றும். எதையும் மேலே பூசாததால் உரிந்து விழ ஒன்றுமில்லை. எஸ்எல்ஏ என்ற பெயரில் 1998இல் சந்தைக்கு வந்த இந்த மேற்பரப்பு, காத்திருப்பை ஆறு முதல் எட்டு வாரமாகக் குறைத்தது.

சொரசொரப்பு எப்படி உதவுகிறது? திருகு இறங்கியதும் அதை இரத்தம் சூழ்ந்து உறைகிறது. எலும்பு செய்யும் செல்கள் அந்த உறைவின் ஃபைப்ரின் இழைகளைப் பிடித்தபடி உலோகத்தை நோக்கி நகர்கின்றன. நகரும்போது இழைகளை இழுக்கின்றன. வழவழப்பான பரப்பிலிருந்து இழைகள் கழன்றுவிடும். ஆகவே எலும்பு பழைய துளைச் சுவரிலிருந்து மட்டும் மெல்ல வளர்ந்து வர வேண்டும். சொரசொரப்பான பரப்பில் இழைகள் பிடி விடாமல் நிற்பதால் செல்கள் உலோகம்வரை வந்து அங்கேயே எலும்பைப் படியவைக்கின்றன. இதற்கிடையே திருகு அழுத்தி நெரித்த பழைய எலும்பை உடல் அரித்து அகற்றுகிறது. பழைய பிடி தளர்ந்து புதிய பிடி வலுக்காத இரண்டாம் முதல் நான்காம் வாரம்வரை உள்வைப்பு மிகப் பலவீனமாக இருக்கும். மேற்பரப்புச் சிகிச்சையின் உண்மையான லாபம் அந்தப் பலவீனத்தின் பள்ளத்தை ஆழமில்லாமல் ஆக்கியதுதான்.

2004இல் பூசர் குழு நீரை ஈர்க்கும் எஸ்எல்ஏ மேற்பரப்பைச் சோதித்தது. காற்றுப் படாமல் நைட்ரஜன் சூழலில் கழுவி உப்புநீரிலேயே வைத்திருந்த திருகு அது. இரண்டாம் வாரத்தில் எலும்புத் தொடுகை 49 சதவீதம். பழைய எஸ்எல்ஏவில் 29. எட்டாம் வாரத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம். இந்த இரண்டாவது செய்தியை விளம்பரத் தாள்கள் அடக்கி வாசித்தன. இன்றே பல் வேண்டும் என்று கேட்பவருக்கு முதல் எண் முக்கியம். எட்டு வாரம் பொறுக்க முடிந்தவருக்கு அவ்வளவு இல்லை.

வடிவத்தின் வேலை முதல் நாளிலேயே தொடங்குகிறது. எலும்பு ஒட்டும்முன் திருகு 50 முதல் 150 மைக்ரோமீட்டருக்கு மேல் அசைந்தால் எலும்புக்குப் பதில் நார்த்திசு வளரும். மெல்லும் விசையை மரை அமுக்கமாக மாற்றி எலும்புக்குக் கொடுக்கிறது. வழவழ உருளையோ அதைச் சறுக்கு விசையாகவே கொடுக்கிறது. எலும்பு அமுக்கத்தைத் தாங்கும், சறுக்கு விசையை அந்த அளவுக்குத் தாங்காது. மென்மையான எலும்புக்குக் கூம்பு வடிவமும் ஆழமான மரையும் நல்ல இறுக்கம் தரும். அதே திருகைக் கடினமான கீழ்த்தாடையில் முழு விசையோடு முறுக்கினால் எலும்பு நெரிந்து செத்துப்போகும். எல்லா வாய்க்கும் பொருந்தும் ஒரே வடிவம் கிடையாது.

கழுத்துப் பகுதியின் பாடம் தற்செயலாகக் கிடைத்தது. பிரோனமார்க் திருகின் தலையில் வெளியே நீட்டிய அறுகோணம் 0.7 மி.மீ. உயரமே இருந்தது. இணைப்பு தளர்ந்தது, இடுக்கில் கிருமிகள் தங்கின, முதல் மரைவரை எலும்பு இறங்கியது. 1991இல் அமெரிக்காவில் 5 மி.மீ. அகலத் திருகுகள் வந்தபோது, அதே அகலத்தில் இணைப்புத் துண்டு கிடைக்காததால் 4.1 மி.மீ. துண்டையே பூட்டினார்கள். ஆண்டுகள் கழித்து எக்ஸ்ரேயைப் பார்த்தால் எலும்பு வழக்கத்தைவிடக் குறைவாகவே இறங்கியிருந்தது. இணைப்பின் இடுக்கு எலும்பின் விளிம்பிலிருந்து உள்பக்கமாக விலகியதே காரணம் என்று லாஸாராவும் போர்ட்டரும் 2006இல் எழுதினார்கள். உள்ளே கூம்பாக இறுகும் இணைப்பும் குறுகலான அபட்மென்ட்டும் இன்று பரவலாக இருப்பது இதன் தொடர்ச்சி.

சொரசொரப்புக்கு அளவுண்டு என்பதை ஆன் வென்னர்பர்க், ஆல்பிரெக்ட்சன் இருவரின் பணி நிலைநாட்டியது. சராசரி மேடுபள்ளம் 1 முதல் 2 மைக்ரோமீட்டர் இருக்கும் மிதமான சொரசொரப்பே எலும்புக்கு ஏற்றது என்பது அவர்கள் முடிவு. பெர்னில் 303 நோயாளிகளின் 511 எஸ்எல்ஏ உள்வைப்புகளைப் பத்தாண்டு தொடர்ந்ததில் 98.8 சதவீதம் வாயில் நிலைத்திருந்தன. கடுமையான அளவுகோலில் வெற்றி 97 சதவீதம். ஆனால் இது தேர்ந்த கைகளும் ஒழுங்கான கண்காணிப்பும் உள்ள ஒரே மையத்தின் கணக்கு. நாடு தழுவிய ஸ்வீடன் ஆய்வு 2016இல் வேறொரு படத்தைக் காட்டியது: ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு பரிசோதித்த நோயாளிகளில் 14.5 சதவீதத்தினருக்கு உள்வைப்பைச் சுற்றி மிதமான அல்லது கடுமையான அழற்சி எலும்பு இழப்போடு இருந்தது. நாய்களில் நடந்த கோத்தன்பர்க் சோதனைகளில், அழற்சி ஒருமுறை தொடங்கியபின் மின்வேதி முறையில் ஆக்சைடு தடிக்கச் செய்த மேற்பரப்பைச் சுற்றி அது வேகமாகப் பரவியது.

ஆகவே சில தயாரிப்பாளர்கள் கழுத்தருகே கடைந்த வழவழப்பும் கீழே சொரசொரப்புமாகக் கலப்புத் திருகைச் செய்கிறார்கள். எலும்பு ஏற்கெனவே இறங்கி மரை வெளித் தெரியும் வாய்களில், அறுவைச் சிகிச்சையின்போது வெளிப்பட்ட மரையையும் சொரசொரப்பையும் சிறு வைரமுனைகளால் தேய்த்து வழவழப்பாக்குவதும் உண்டு. கிருமிப் படலம் ஒட்டுவது குறையும்; ஆனால் திருகின் சுவர் மெலிவதால், விட்டம் குறைந்த உள்வைப்புகளில் முறியும் ஆபத்து கூடுகிறது.