விரலை நீட்டினால் மரணமா? மூடநம்பிக்கைக்குப் பலியாகும் 'அய்-அய்'... என்ன விலங்கு இது?

கலைந்த முடி, பெரிய காதுகள், இருட்டில் மின்னும் கண்கள், குச்சி மாதிரி ஒல்லியான நடுவிரல். முதல் தடவை பார்க்கிறவங்களுக்குக் கொஞ்சம் பயம் வரத்தான் செய்யும். மடகாஸ்கர் தீவில் இந்தத் தோற்றமே 'அய்-அய்' என்ற விலங்கின் உயிருக்கு ஆபத்தாகிவிட்டது.

அய்-அய் என்றால் என்ன?

ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள மடகாஸ்கரில் மட்டுமே வாழும் லெமூர் வகை இது. குரங்கும் மனிதனும் அடங்கிய பிரைமேட் வரிசையைச் சேர்ந்தது. இரவில் நடமாடும் பிரைமேட்டுகளில் இதுதான் உலகிலேயே பெரியது. ஆனாலும் எடை சுமார் இரண்டரை கிலோதான். பகலில் மரத்தின் மேல் கூடு கட்டித் தூங்கும்.

அந்த விரல் எதுக்கு?

சாப்பாட்டுக்குத்தான். விரலால் மரத்தை நொடிக்கு 8 முறை வரை தட்டும். சத்தத்தை வைத்தே உள்ளே புழு இருக்கும் பொந்தைக் கண்டுபிடித்துவிடும். வாழ்நாள் முழுக்க வளரும் முன்பற்களால் ஓட்டை போட்டு, விரலை விட்டுப் புழுவை வெளியே எடுக்கும். மடகாஸ்கரில் மரங்கொத்தியே கிடையாது. அந்த வேலையைச் செய்வது இதுதான்.

ஏன் கொல்கிறார்கள்?

இதைப் பார்த்தாலே ஊரில் சாவு விழும், யாரை நோக்கி விரலை நீட்டுகிறதோ அவர் இறந்துவிடுவார் என்று சில கிராமங்களில் நம்புகிறார்கள். அதனால் கண்டதும் அடித்துக் கொல்வதும் நடக்கிறது.

நம்பிக்கை மட்டும்தான் காரணமா?

இல்லை. நெல் பயிரிடுவதற்காக மழைக்காடுகள் வெட்டி எரிக்கப்படுகின்றன. மரக்கடத்தலும் உண்டு. ஓர் ஆண் அய்-அய் 100 ஹெக்டேருக்கு மேல், அதாவது சுமார் 250 ஏக்கர் சுற்றித் திரியும். காடு துண்டு துண்டானால் இரைக்காகத் தென்னந்தோப்புக்கு வந்து தேங்காயைக் கடிக்கும். தோப்புக்காரருக்கு நஷ்டம், ஊருக்குப் பயம். கடைசியில் போவது அதன் உயிர். இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடும் என்பதால் இழப்பை ஈடுகட்டவும் முடியாது.

மீட்க முடியுமா?

முன்பு ஒருமுறை முடிந்திருக்கிறது. 1930-களில் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட அய்-அய், 1957-ல் மறுபடியும் கண்டுபிடிக்கப்பட்டது. 1966-ல் 9 அய்-அய்கள் நோசி மங்காபே என்ற சிறு தீவில் விடப்பட்டன. காடு காக்கப்பட்ட அந்தத் தீவில் அவை நிலைத்து வாழ்கின்றன.

சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில், அழியும் அபாயத்தில் உள்ள இனமாக அய்-அய் இடம்பெற்றுள்ளது. இதன் குடும்பத்தில் மிச்சம் இருப்பது இந்த ஒரே இனம்தான்.