வார்ப்பட்டையில் ஓடிய கார்

கண்டுபிடிப்புகளின் வரலாற்றைப் படிக்கும்பொழுது நம் கண் முதலில் கண்டுபிடித்தவரிடமே செல்கிறது. அவர் பிறந்த ஆண்டையும், எழுப்பிய தொழிற்சாலையையும், பெற்ற புகழையும் நூல்கள் எடுத்துரைக்கின்றன. ஆயினும் அவர் படைத்த இயந்திரம் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஓட வேண்டுமாயின் வேறொருவர் துணை வேண்டும். அவர்தாம் பழுது பார்ப்பவர். ஹாலந்து நாட்டில் பிறந்த ஒரு சிறு மோட்டார் காரின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

அவ்வரலாறு தொடங்குவதே பழுது பார்க்கும் தொழிலில்தான். ஹூப் வான் டோர்ன் என்பவர் 1900ஆம் ஆண்டில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். ஐந்தோவன் நகரில் மதுவடிசாலை ஒன்றை நிர்வகித்து வந்த ஒருவரின் காரை அவர் பல முறை சீர் செய்து கொடுத்தார். அவர் கைத்திறனில் மகிழ்ந்த அந்நிர்வாகி, தனியே தொழில் தொடங்குவதாயின் முதல் தருவதாக முன்வந்தார். 1928ஆம் ஆண்டில் ஒரு சிறிய பட்டறை எழுந்தது. பின்னர் லாரிகளுக்குப் பின்னால் பூட்டும் இழுவை வண்டிகளைச் செய்த அந்நிறுவனம் ‘டாஃப்’ என்னும் பெயர் பெற்று, 1949ஆம் ஆண்டு முதல் லாரிகளையும் செய்யலாயிற்று.

எஞ்சின் வேகமாகச் சுழலும்போதுதான் போதிய வலுவைத் தருகிறது. வண்டியோ முதலில் மெல்ல அசைந்து, பிறகே வேகம் கொள்கிறது. இவ்விரண்டையும் இணைத்து வைப்பதே கியரின் வேலை. அதை ஓட்டுநர் கையால் மாற்றாமல் தானே மாறும்படி செய்ய வேண்டும் என்பது பலருடைய கனவு. அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபில் கார்களில் அக்கனவு நிறைவேறியது. ஆனால் எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கிய அந்த அமைப்பு எடை மிக்கது, விலையும் மிக்கது. பெரிய எஞ்சின் அச்சுமையைத் தாங்கும். இருபது குதிரைத் திறன் கொண்ட சிறு எஞ்சின் தாங்குமா?

இக்கேள்விக்கு விடை டாஃப் தொழிற்சாலையிலேயே கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தது. நம் ஊர் அரிசி ஆலையில் கப்பிகளின்மேல் வார்ப்பட்டை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய பட்டைகளே அங்கும் இயந்திரங்கள் பலவற்றைச் சுழற்றின. பட்டையால் காரையும் ஓட்டலாம் என்னும் எண்ணம் 1954ஆம் ஆண்டளவில் உருப்பெற்றது. 1958ஆம் ஆண்டு பிப்ரவரியில் ‘டாஃப் 600’ என்னும் கார் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் மக்கள் முன் வந்தது. அதன் எஞ்சின் 590 கன சென்டிமீட்டர் அளவே உடையது. 22 குதிரைத் திறன் கொண்டது. தானியங்கி அமைப்புக்கு ‘வேரியோமாட்டிக்’ என்று பெயரிட்டனர்.

அதன் தத்துவம் எளியது. ஒவ்வொரு கப்பியும் எதிரெதிராக வைத்த இரு கூம்புத் தட்டுகளால் ஆனது. அத்தட்டுகள் நெருங்கினால் இடையிலுள்ள ரப்பர் பட்டை விளிம்பை நோக்கி ஏறும்; விலகினால் அச்சை நோக்கி இறங்கும். எஞ்சினின் வேகம் கூடக் கூட, முன்கப்பியில் உள்ள எடைகள் மையவிலக்கு விசையால் தட்டுகளை நெருக்குகின்றன. அப்பொழுது பின்கப்பியின் தட்டுகள் விலகுகின்றன. ஆகவே முதல் கியர், இரண்டாம் கியர் என்ற படிகளே இல்லை. சரிவில் ஏறுவதுபோல் விகிதம் இடையறாது மாறிச் செல்கிறது. பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டை உண்டு. இன்று நம் தெருக்களில் ஓடும் கியரற்ற ஸ்கூட்டர்களிலும் இதே தத்துவம் தொழிற்படுவதைக் காணலாம்.

இந்த அமைப்பில் ஒரு விந்தையும் இருந்தது. முன்னோக்கி எவ்வளவு விரைவாகச் செல்லுமோ, அவ்வளவு விரைவாக அக்கார் பின்னோக்கியும் செல்லும். இத்தகைய காரை முதியோருக்கு உரியதென்று எள்ளி நகைத்தோரும் உண்டு. ஆயினும் கையாலும் காலாலும் கியர் மாற்றப் பழகாத பலருக்கு அது சாலையைத் திறந்துவிட்டது.

1965ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தின் மினி காரும் தானியங்கி கியருடன் கிடைத்தது. அது வேறு வழியில் அமைந்தது. நான்கு வேகப் பற்சக்கரங்கள் எஞ்சினுக்கு அடியிலேயே அமர்ந்து, எஞ்சினின் எண்ணெயையே பகிர்ந்துகொண்டன. எண்ணெயைக் காலத்தில் மாற்றாவிடில் இரண்டுக்கும் கேடு விளையும். கியரைத் திறக்க வேண்டுமாயின் எஞ்சினையும் சேர்த்தே வெளியே தூக்க வேண்டும். இதனோடு ஒப்பிட்டால் டாஃப் காரின் பழுது எளிதில் கண்ணுக்குப் புலப்படுவது. வண்டியின் அடியில் பட்டைகள் வெளிப்படையாகவே ஓடுகின்றன. எண்ணெய் பட்டால் அவை வழுக்கும். தேய்ந்தால் கப்பித் தட்டுகளின் இடைவெளி மாறும். அவ்விடைவெளியை அளந்து, கப்பிகளுக்கு இடையேயுள்ள தூரத்தைத் திருத்துவது பழுது பார்ப்பவரின் முதற்பணி. ஒரு பட்டை மட்டும் கெட்டாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நீளத்தில் வேறுபாடு இருந்தால் இரு சக்கரங்களும் ஒத்துழைக்க மாட்டா. முன்கப்பியினுள் இருக்கும் ரப்பர்ச் சவ்வு கிழிந்தால், எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிட விசை வீணாகும். விகிதமும் முறையாக மாறாது.

எளிய பழுதுதானே என்று எண்ணத் தோன்றும். உண்மையில் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. 1975ஆம் ஆண்டில் டாஃப் காரின் தொழில் சுவீடன் நாட்டு வால்வோ நிறுவனத்தின் ஆளுகைக்குள் சென்றது. டாஃப் என்னும் பெயரில் கார்கள் வருவதும் விரைவில் நின்றது. பழைய கார் ஒன்றின் இரும்புப் பாகம் வேண்டுமானால் உடைத்த வண்டியிலிருந்து கழற்றிக்கொள்ளலாம். கடைசல் பொறியில் கடைந்தும் கொள்ளலாம். ரப்பர் அப்படிப்பட்டதன்று. பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் ஆண்டுகள் செல்லச் செல்ல அது இறுகி வெடிக்கிறது. முப்பது ஆண்டுகள் உறை பிரியாமல் காத்த புதிய பட்டை, சாலையில் ஓரிரு நாளிலேயே அறுந்து போகலாம். புதிதாகச் செய்ய அச்சு வேண்டும். பத்துப் பேருக்காக எந்த ஆலையும் அச்சு வார்க்க முன்வராது. ஆகவே இத்தகைய கார் வைத்திருப்போர் சங்கமாகக் கூடுகின்றனர். இருப்பதைப் பகிர்ந்து, தேவையை ஒன்று திரட்டுகின்றனர். பழைய பழுதுநூல்களைப் பாதுகாக்கின்றனர்.

வான் டோர்ன் 1979ஆம் ஆண்டில் மறைந்தார். அதற்கு முன்பே, 1972ஆம் ஆண்டில், ரப்பருக்கு மாற்றாக எஃகுப் பட்டையைச் செய்ய டில்பர்க் நகரில் ஒரு நிறுவனம் தோன்றியிருந்தது. நூற்றுக்கணக்கான மெல்லிய எஃகுத் துண்டுகளைக் கோத்த அப்பட்டை இழுப்பதில்லை, தள்ளுகிறது. 1987ஆம் ஆண்டில் ஜப்பானின் சுபாரு ஜஸ்டி காரில் அது இடம்பெற்றது. இன்று அவ்வழியில் வந்த பட்டைகள் உலகெங்கும் கோடிக்கணக்கான கார்களை ஓட்டுகின்றன. ஆனால் அவற்றில் ஒன்றும் பழைய டாஃப் காருக்குப் பொருந்தாது. பேரப்பிள்ளைகள் உலகை வலம்வர, பாட்டனார் ஒரு முழ ரப்பருக்குக் காத்து நிற்கிறார்!

மாணவர்களே, சேமித்து வைப்பதனால் மட்டும் ஒரு பொருள் காக்கப்படுவதில்லை என்பதை இவ்வரலாறு நமக்கு அறிவுறுத்துகிறது. பூட்டிவைத்த பட்டை இறுகிப்போகும். அதைச் செய்யும் அறிவு கையிலிருந்து கைக்குச் செல்லுமாயின் அழியாது. ஐந்தோவனில் வான் டோர்ன் தொழில் தொடங்கிய பழைய பட்டறை இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. அங்கே நிற்கும் கார்கள் கண்டுபிடித்தவரின் புகழைச் சொல்கின்றன. சாலையில் இன்றும் ஓடும் ஒவ்வொரு டாஃப் காரும், எண்ணெய்க் கறை படிந்த கையுடன் அதன் அடியில் படுத்துப் பட்டையின் இடைவெளியை அளந்த, பெயர் தெரியாத ஒருவரின் புகழைச் சொல்கிறது. ஒருவருடைய காரைப் பழுது பார்த்து வாழ்வைத் தொடங்கிய வான் டோர்ன், அவ்விருவகைப் புகழுக்கும் உள்ள உறவை நன்கு அறிந்தே இருப்பார்.