விளையாட்டும் தற்காப்பும்

சாமுராய் வீரர் வாள் தரித்தல் 1876இல் தடைசெய்யப்பட்ட யப்பானில், அவர்தம் மற்போர்க் கலையாகிய யுயுற்சுவும் மதிப்பிழந்து நின்றது. 1882இல் யிகோரோ கானோ என்பார் ரோக்கியோவில் ஒரு பௌத்த ஆலயத்திலே கொடோக்கான் கழகத்தை நிறுவி, அக்கலையை யூடோவாகச் சீர்திருத்தினார். அப்போது அவருக்கு வயது 21, எம்மையொத்த இளைஞரே!

அடி, உதை முதலிய ஆபத்தான பிரயோகங்களை அவர் அழித்தாரல்லர். போட்டியினின்றும் விலக்கி, 'கத்தா' என்னும் ஒழுங்குமுறைப் பயிற்சியிலே பேணினார். 1956இல் கொடோக்கான் 21 தற்காப்பு முறைகளைப் புதிதாய் வகுத்தது. அவற்றுள் 12 வெறுங்கைத் தாக்குதலுக்கும், 9 கத்தி, தடி, கைத்துப்பாக்கி என்பவற்றுக்கும் எதிரானவை.

பதக்கமொன்றையே நாடிப் பயில்வோமாயின், போட்டி விதி அறியாப் பகைவன் கழுத்தைப் பற்றும்போது யாது செய்வோம்? விளையாட்டை வளர்ப்போம்; அதன் வேராகிய தற்காப்பையும் மறவாதிருப்போம்.