விலங்கு நலத் தொண்டு அமைப்புகளின் மொழி அறம்

விலங்கு நல அமைப்புகள் நன்கொடை வேண்டுகோளிலும் மீட்புச் செய்தியிலும் சுவரொட்டியிலும் கையாளும் சொற்களும் படங்களும் உண்மையாக இருக்க வேண்டும். விலங்கையோ மனிதரையோ இழிவுபடுத்தக் கூடாது. இந்நெறியையே மொழி அறம் என்கிறோம்.

வரலாறு

சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குட்டால் 1960களில் எழுதிய தம் முதல் ஆய்வுக் கட்டுரையில், சிம்பன்சிகளை ஆண்பால், பெண்பால் சுட்டுப்பெயர்களால் குறித்தார். இதழாசிரியர் அவற்றை அஃறிணையாக மாற்றியபோது, குட்டால் பழையபடியே திருத்தி அனுப்பினார். 2011இல் தொடங்கிய 'விலங்கு அறவியல் இதழ்', அதன் ஆசிரியர் ஆண்ட்ரூ லின்சியின் முன்னெடுப்பில், விலங்குகளைத் தாழ்த்தும் சொற்களைத் தவிர்க்கக் கோரியது.

தமிழ்ச் சொல்வழக்கு

தமிழில் விலங்கை 'அது' என்பது இயல்பு; அன்பாகப் பேசும்போதும் அப்படித்தான் சொல்கிறோம். கவனம் வேண்டியது அடைமொழிகளில்தான். வெறிநாய் என்பது ரேபிஸ் தொற்றிய நாய். கடித்த நாயையெல்லாம் அப்பெயரால் எழுதினால் பீதி பரவும். நோயற்ற நாய்களும் அடிபட்டுச் சாகும். மறுபுறம், கடியின் ஆபத்தை மறைப்பதும் அறமன்று. காயத்தைச் சோப்பு நீரால் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனை சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும் அமைப்புகள் எழுத வேண்டும்.

இந்தியாவின் விலங்குக் கருத்தடை விதிகள், 2023, தெருவில் வாழும் விலங்குகளைச் சமூக விலங்குகளாகக் கருதுகின்றன. அவற்றின்படி, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய், பொதுவாகப் பிடித்த இடத்திலேயே விடப்படும். இதை முன்கூட்டியே தெளிவாகச் சொன்னால், 'பிடித்துச்சென்ற நாயை ஏன் திரும்ப விட்டீர்கள்' என்ற சண்டை பெருமளவு குறையும்.

நன்கொடை வேண்டுகோள்

'இன்றே பணம் அனுப்பாவிட்டால் இந்தக் குட்டி செத்துவிடும்' என்பது பெரும்பாலும் மிரட்டல். 'கால் முறிந்த குட்டிக்குச் சிகிச்சை நடக்கிறது, செலவு இவ்வளவு, மிஞ்சும் பணம் மற்ற விலங்குகளுக்குச் செலவிடப்படும்' என்பதே நேர்மையான வேண்டுகோள். இறந்த விலங்கின் படத்தை, உயிருடன் இருப்பதுபோல் காட்டிப் பணம் திரட்டுவது மோசடி. பார்வையாளரைக் கவர, விலங்கை வேண்டுமென்றே ஆபத்தில் தள்ளி 'மீட்கும்' காணொளிகளும் உண்டு. யூடியூப் இவற்றைத் தடைசெய்துள்ளது.

ஒப்பீட்டின் எல்லை

பீட்டா என்ற விலங்குரிமை அமைப்பு 2003இல் அமெரிக்காவில் தொடங்கிய பிரசாரம், பண்ணை விலங்குகளின் படங்களை நாஜி வதைமுகாம் படங்களோடு அருகருகே வைத்தது. ஜெர்மனியில் நீதிமன்றங்கள் அதைத் தடைசெய்தன. அத்தடை கருத்துச் சுதந்திரத்தை மீறவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. ஓர் உயிருக்காகப் பேசும்போது, மற்றவரின் துயரத்தைக் கருவியாக்கக் கூடாது.

முக்கியத்துவம்

விலங்கு தனக்காகப் பேச முடியாது. தன்னைப் பற்றி எழுதப்படுவதை மறுக்கவும் முடியாது. அதனால் எழுதுபவரின் பொறுப்பு இரட்டிப்பாகிறது. பொய்யால் நன்கொடையாளரின் நம்பிக்கை உடைந்தால், உணவும் மருந்தும் இழப்பவை காப்பகத்தில் இருக்கும் விலங்குகளே.