இரண்டு சக்கரமும் ஒரு சொல்லும்

கதை எழுதுகிறவனுக்குச் சட்டப் புத்தகத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அதிக வேலை இல்லைதான். ஆனால் ஒரு சிறு சொற்றொடர் எண்பது ஆண்டுக் காலம் எத்தனையோ பேரின் பாதையில் குறுக்கே நின்றது என்று தெரிந்த பிறகு, அதை எட்டிப் பார்க்காமல் இருக்க முடியுமா? அதை முதலில் நான் கண்டது புத்தகத்தில் அல்ல. ஆம்பூரில், ஒரு ஸ்கூட்டரின் பின்சக்கரத்துக்கு இரு புறமும்.

ராணிப்பேட்டையிலிருந்து பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்று வட்டாரம் தோலை நம்பி வாழ்கிற சீமை. மாலையில் ஷூ கம்பெனிகளின் வாசற்கதவு திறக்கும் வேளையில் அங்கே நின்று பார்க்க வேண்டும். டிபன் தூக்கோடு பெண்கள் கூட்டம் கூட்டமாக பஸ்ஸை நோக்கி விரைவார்கள். அந்த வெள்ளத்தின் ஓரமாக, பக்கச் சக்கரங்கள் பூட்டிய ஸ்கூட்டர் ஒன்றை ஒருவர் மெதுவாக ஓட்டி வந்தார். தோலுக்குப் பசை தடவி ஒட்டும் வேலை அவருக்கு. இளம்பிள்ளை வாதம் கால்களை வாங்கிக்கொண்டாலும் கைகளை விட்டுவைத்திருந்தது.

“இது கம்பெனியிலேயே போட்ட சக்கரமா?” என்று கேட்டேன்.

“வண்டிதான் சார் கம்பெனி வண்டி. சக்கரம் பட்டறையில போட்டது” என்றார். பிறகு அவராகவே சொன்னார்: “போன மழையில பள்ளத்துல விட்டு ஃபோர்க் வளைஞ்சு போச்சு. இன்ஷூரன்ஸ்காரர் வந்து பார்த்தார். பாலிசியில ரெண்டு சக்கரம்னு இருக்கு, இங்கே நாலு நிக்குதேன்னு கேட்டுட்டுப் போனவர்தான்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இரண்டு சக்கரம் இல்லாவிட்டால் அவர் வேலைக்கே போக முடியாது. அவை இருந்ததனாலேயே பணம் நின்றுவிட்டது!

இன்ஷூரன்ஸ்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இந்த வியாபாரத்தின் ஆணிவேரே உண்மை பேசுவதில்தான் இருக்கிறது. சுமத்ராத் தீவின் பெங்கூலனில் இருந்த ஆங்கிலேயர் கோட்டையைப் பற்றிய வழக்கொன்றில், 1766-ல் மான்ஸ்ஃபீல்டு பிரபு இந்த விதியைத் தெளிவாக வகுத்தார்: தனக்குத் தெரிந்து எதிராளிக்குத் தெரியாத முக்கியமான சங்கதியை, இன்ஷூர் செய்கிறவன் மறைக்கக் கூடாது. வண்டியின் உருவத்தை மாற்றியதும் அப்படிப்பட்ட சங்கதிதான். சக்கரம் கூடினால் வண்டி திரும்பும் விதம் மாறுகிறது, விழும் விதமும் மாறுகிறது, மதிப்பும் மாறுகிறது.

நம் நாட்டில் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 1946 ஜூலை 1 முதல், வண்டியால் பிறருக்கு நேரும் தீங்குக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயமாயிற்று. சொந்த வண்டிக்கு நேரும் சேதத்துக்குச் செய்துகொள்வது அவரவர் விருப்பம். அது கம்பெனியோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் எழுதிய வண்டியும் தெருவில் நிற்கிற வண்டியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கம்பெனி கேட்பதில் நியாயம் உண்டு.

அப்படியானால் உள்ளதைச் சொல்லிவிட்டால் போகிறது என்று தோன்றும். சிக்கல் அங்கேதான் ஆரம்பமாகிறது. 1939-ஆம் ஆண்டுச் சட்டம் ஊனமுற்றோர் வண்டிக்கு ‘இன்வேலிட் காரியேஜ்’ என்று பெயர் சூட்டி, ஓர் இலக்கணமும் வகுத்தது. அவர்களுக்கென்றே விசேஷமாக வடிவமைத்துக் கட்டியதாக இருக்க வேண்டும். வெறுமனே மாற்றியமைத்தது அல்ல! நான் சொன்ன சொற்றொடர் இதுதான். ‘இன்வேலிட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நோயாளி என்றும் பொருள் உண்டு, செல்லாதது என்றும் பொருள் உண்டு. பட்டறைச் சக்கரம் பூட்டியவருக்கு இரண்டாவது பொருள்தான் வாய்த்தது போலும்.

இந்த இலக்கணம் நம் மூளையில் உதித்ததல்ல. பிரிட்டனின் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த வாசகம். ஆனால் அந்தப் பிரிட்டனிலேயே என்ன நடந்தது? பெர்ட் கிரீவ்ஸ் என்ற இயந்திரப் பொறியாளர், நடக்க முடியாத தம் உறவினரின் சக்கர நாற்காலிக்கு ஒரு மோட்டாரைப் பூட்டிக் கொடுத்தார். அந்த ஒட்டு வேலையிலிருந்துதான் ‘இன்வாகார்’ என்ற மூன்று சக்கர வண்டி பிறந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் அந்நாட்டு அரசாங்கமே அதை ஊனமுற்றோருக்கு வழங்கியது. 2003 மார்ச் 31 வரை அவை சாலைகளில் ஓடின. விசேஷமாக வடிவமைத்த வண்டிக்குத் தாய், வெறுமனே மாற்றியமைத்த வண்டிதான்!

இந்த விஷயத்தில் வேலூர் சீமைக்கு ஒரு தனி உரிமை உண்டு. 1954-ல் நேர்ந்த சாலை விபத்தில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. முதுகெலும்பு முறிந்தவனைப் பிழைக்க வைப்பதோடு மருத்துவம் முடிவதில்லை, அவன் வீட்டுக்கும் வேலைக்கும் போய் வர வேண்டும் என்பது அதன் கொள்கை. போய் வருவதற்கு வாகனம் வேண்டாமா? கார் வாங்க வசதியில்லாதவருக்குப் பக்கச் சக்கரம் பூட்டிய ஸ்கூட்டர்தான் கார்.

1988-ல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. பழைய வாசகம் அப்படியே குடியேறிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், இன்ஷூரன்ஸ்காரர்கள் இந்த விஷயத்தில் சட்டத்தைவிடத் தாராளமாக இருந்தார்கள். 2002-ல் வெளியான இந்திய மோட்டார் கட்டண விதிகள், ஊனமுற்றோருக்காக வடிவமைத்த வண்டி, மாற்றியமைத்த வண்டி இரண்டையும் ஒரே வரியில் சேர்த்தன. சொந்தச் சேதத்துக்கான கட்டணத்தில் 50 சதவிகிதம் தள்ளுபடியும் அளித்தன. ஒரே ஒரு நிபந்தனை: வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஆர்.சி.யில் அதைக் குறித்திருக்க வேண்டும். மாற்றியமைத்ததை ஏற்காத இலக்கணத்தை வைத்துக்கொண்டு ஆர்.சி.யில் எப்படிக் குறிப்பது? இடம் கொடுத்த அதிகாரிகள் இருந்தார்கள். பக்கச் சக்கர ஸ்கூட்டர்கள் பதிவாகி ஓடவும் செய்தன. ஆனால் அது அதிகாரியின் மனத்தைப் பொறுத்த சலுகையே தவிர, கேட்டுப் பெறும் உரிமையாக இல்லை.

2019 ஜனவரியில், வண்டியின் அமைப்பைத் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறாக மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த திருத்தச் சட்டம் ‘இன்வேலிட் காரியேஜ்’ என்ற பெயரையே எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக ‘மாற்றியமைத்த வாகனம்’ என்ற பெயர் வந்தது: விசேஷமாக வடிவமைத்தது, அல்லது பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு மாற்றப்பட்டது. சக்கரம் பூட்டிய பின்பும் ஒப்புதல் பெறலாம். நம் தமிழில் ‘அல்ல’ என்பதற்கும் ‘அல்லது’ என்பதற்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்தைச் சேர்க்க 1939-லிருந்து 2019 வரை, எண்பது வருஷம் ஆகியிருக்கிறது.

சட்டம் இறங்கி வந்துவிட்டது. ஆனால் பட்டறைக்குப் போகிறவர்களுக்கு அதை யார் சொல்வது? சக்கரம் பூட்டியவுடன் ஆர்.சி.யில் குறிப்பு வாங்க வேண்டும். அதைக் காட்டிக் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பாலிசியிலும் எழுதி வாங்க வேண்டும். பூட்டுகிற பட்டறைக்காரரே இந்த இரண்டு வார்த்தையைச் சொல்லி அனுப்பினால் போதும். பள்ளத்தில் விழுந்த பிறகு சக்கரங்களை எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இராது.